கடலடியில் சில ஞாயிறுகள்

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, சங்கு குளிப்பவரின் மகனாக வளர்ந்து, நாற்பத்து நான்கு வயது வரை நீந்தத் தெரியாமல் இருந்த ஒருவர் உண்டு என்றால் அன்பர்கள் நகைப்பர். அத்தகைய ஒருவர் எங்களுள் உண்டு.

எங்களுள் என்றது மூவரை. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தராகக் காலந்தள்ளும் இக்கட்டுரையாளர், அவர் மனைவி, விலங்கியல் பயிலும் மகள் ஆகியோரே அம்மூவர். கடலுக்குள் இறங்கியவர் இருவர். கரையில் அமர்ந்து கடிகாரம் பார்த்தவர் ஒருவர். மூவரும் சேர்ந்து செய்த காரியம் ஆகையால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். தம்மைப் பற்றித் தாமே எழுதக் கூசும் குமாஸ்தாப் புத்தியும் அதற்கு ஒரு காரணம் எனக் கொள்க.

எழுத்தரின் தந்தையாரை இக்கட்டுரையில் பெரியவர் என்போம். 1946-இல் பிறந்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில். அப்போது பதினைந்து வயதுச் சிறுவனாக வள்ளத்தில் தண்ணீர் இறைத்தவர் அவர். அதன்பின் முத்து இல்லை, எஞ்சியது சங்கு. அக்காலத்தில் சங்கு அரசின் உடைமை. குளித்து எடுத்ததைக் கிடங்கில் ஒப்படைத்து, எண்ணிக்கைக்குக் கூலி பெற வேண்டும். அளவு வளையத்துக்குள் நுழைந்து வெளிவரும் சிறு சங்கு கடலுக்கே திரும்பிப் போகும். அதற்கு ஈடாகச் செலவான மூச்சுக்குக் கூலி கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது முறை மூழ்கியதாகப் பெரியவர் சொல்வார். தொடக்கத்தில் கல்லும் கயிறும். பின்னர் முகக் கண்ணாடியும் காலில் கட்டும் அலுமினியத் தகடும் வந்தன. கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையில் வழங்கும் பேச்சு. தங்கையின் தாலிக்குப் பொறுப்புடையவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணயர மாட்டான் அன்றோ? பெரியவருக்குக் கயிறு பிடித்தவர் எழுத்தரின் தாய்மாமன். அவருடைய மகளே எழுத்தரின் மனைவி.

பெரியவர் தம் மகனைக் கடல் பக்கம் விட்டதே இல்லை. “தண்ணியில கால் வச்சா காலை ஒடிச்சிருவேன்” என்பார். சொன்னதைச் செய்யக்கூடியவர். எனவே மகன் படித்தான், பி.ஏ. தேறினான், போட்டித் தேர்வு எழுதினான், கோப்புகளின் கரையிலேயே ஒதுங்கினான்.

ஆயினும் இரவில், திண்ணையில் படுத்திருக்கும்போது, கடலடிக் கதைகள் சில அவரையும் மீறி வெளிவரும். அவற்றுள் ஒன்று பொரிக் கதை. பாருக்கு அருகே இறங்கினால், அதாவது கடலுக்குள் பாறை பரந்து கிடக்கும் இடத்தை நெருங்கினால், எங்கோ ஒருவர் இடைவிடாமல் பொரி வறுப்பது போன்ற ஓசை கேட்குமாம். “யாரப்பா வறுக்கிறாங்க?” என்று கேட்டால், “கண்டவன் எவன்? மூச்சு முட்டுதே, அதுக்குள்ள சங்கைப் பாக்கவா, பொரிக்காரனைத் தேடவா?” என்பார். பிள்ளையை உறங்கவைக்கச் சொன்ன கதை என்றே பல்லாண்டுக் காலம் எண்ணியிருந்தோம்.

2022-ஆம் ஆண்டில் எழுத்தருக்கு அந்தமானுக்கு மாற்றல் ஆணை வந்தது. அப்போது அந்நகரின் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். தில்லி அலுவலகத்தில் துக்கம் விசாரிப்பது போல் விசாரித்தார்கள். போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், தில்லியில் ஒரு மாதத்தில் கேட்கும் தமிழை அங்கே ஒரு நாளில் கேட்கலாம். மீன் கடையில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், பேருந்தில் சில்லறைக்காக நடக்கும் சண்டையிலும் தமிழ். அண்டை வீட்டார், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் கதையைத் தனியே எழுத வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்த மகளுக்குக் கடல் உயிர்களை அவை வாழும் இடத்திலேயே காண வேண்டும் என்று ஆசை பிறந்தது. தனியே விடமாட்டேன் என்றார் தாயார். துணைக்குத் தந்தை போகலாம் என்பது தீர்ப்பு. தந்தைக்கு நீந்தத் தெரியாது என்பது அத்தீர்ப்பின்போது கருத்தில் கொள்ளப்படவில்லை. ஆகவே நாற்பத்து நான்கு வயதில், ஆறு வயதுக் குழந்தைகளோடு, நகரின் நீச்சல் குளத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்க வேண்டியதாயிற்று. இருநூறு மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தேர்ச்சி பெற ஏழு மாதங்கள் ஆயின. பயிற்சிக் கட்டணத்துக்கு வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுக்கலாமா என்று விதிகளைப் புரட்டினோம். நோய், திருமணம், கல்வி, வீடு எல்லாம் உண்டு, முக்குளித்தல் இல்லை. மனைவியாரின் சீட்டுப் பணம் உதவிற்று.

பயிற்சி, அந்நாளில் ஹேவ்லாக் எனப்பட்டு 2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் இடத்தில் நடந்தது. அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே படகு வேண்டாமலே கரையிலிருந்து நடந்து இறங்கக்கூடிய பவளப்பாறை ஒன்று உண்டு. நீமோ ரீஃப் என்று பெயர். படகுக் கூலி இல்லை என்பதே எங்களைப் போன்றோரை அங்கு ஈர்த்த முதற்பெருமை.

கரையிலிருந்து இறங்குவது எளிது என்று எண்ணுவோர் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். முதலில் ஓதம் பார்க்க வேண்டும். நீர் வற்றிய வேளையில் அந்தக் கிழக்குக் கரை நெடுந்தூரம் கல்லும் சேறுமாய்க் கிடக்கும். ஏற்றம் வந்தபின்தான் வழி. முதுகில் காற்றடைத்த சிலிண்டர், இடுப்பில் ஈயக் கட்டிகள், கையில் விளக்கு, காமிரா. வெயிலில் இவற்றைச் சுமந்து நடக்கையில், கடலுக்குப் போகிறோமா, மூட்டை தூக்கப் போகிறோமா என்ற ஐயம் வரும். மணலில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது. தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு கேட்டு விலகிப் போகும். மிதித்தால் வால்முள் பாயும். வழியெங்கும் செத்த பவளக் கிளைகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் அளவுமீறி வெம்மையுற்று, பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்து, அந்தமான் முழுவதும் ஏராளமாக மடிந்தன. அதே ஆண்டில் அத்தீவில் முதலை ஒன்று கடலில் நீந்திய பெண்மணி ஒருவரைக் கொன்றதும் உண்டு. இச்செய்தியை மனைவியார் எங்கோ படித்துவிட்டு வந்து, ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் நினைவூட்டுவார்.

இடுப்பளவு நீரில் நின்று காற்குல்லாவை மாட்டிக்கொண்டு, பின்புறமாக நடந்து, முகத்தை நீரில் அமிழ்த்தினோம். அப்போது கேட்டது அந்தப் பொரி.

ஐயமே இல்லை. யாரோ வறுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு திசையிலிருந்தும், ஓய்வின்றி, படபடவென்று. எழுத்தர் நீருக்கு மேல் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். மனைவியார் பதறி எழுந்து நின்றார். ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு மறுபடி முகத்தை அமிழ்த்தினோம். துப்பாக்கி இறால் எனப்படும் விரலளவு இறால்கள் தம் ஒற்றைப் பெருங்கொடுக்கைப் படாரென மூடும்போது நீரில் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. அந்த வெடிப்போசையே அது என்று மகள் பின்னர் விளக்கினாள். பெரியவரின் பொரிக்காரன் அகப்பட்டுவிட்டான்.

எங்களுக்கு வழிகாட்டியவர் கரேன் இனத்து இளைஞர். 1925-இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காக வரவழைக்கப்பட்டு, மாயாபந்தர் அருகே வெபி என்னும் ஊரில் குடியேறிய மக்களின் வழி வந்தவர். பேச்சு மிகக் குறைவு. நீருக்கடியில் பேச முடியாது என்பதால் இத்தொழிலைத் தேர்ந்தாரோ என்று கூட எண்ணினோம். ஆனால் அவர் கண் வேறு கண். முதல் முறை நாற்பது நிமிடம் நீரில் இருந்து மேலேறியபோது நாங்கள் கண்டவை, நாலைந்து வண்ண மீன்களும் நிறைய மணலும். அவர் விரலால் சுட்டிய இடங்களில் பாதிக்கு மேல் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கல் என்று நாங்கள் கடந்து போனதில் கண் இருந்தது. புல் என்று ஒதுக்கியது ஊசி போன்ற ஒரு மீன். அதன் வயிற்றில் முட்டைகள். முட்டை சுமந்தது ஆண். கடல் தாமரை என்று சொல்லத்தக்க சாமந்தியின் கொடுக்கிழைகளுக்குள் குடியிருந்த செம்பட்டை மீன்களை எல்லோரும் அறிவர். அவற்றில் பெரியது பெண் என்பதும், அப்பெண் இறந்தால் அடுத்த ஆணே பெண்ணாகி விடும் என்பதும் எங்களுக்குப் புதிது. இதைக் கேட்ட மனைவியார், “நல்ல ஏற்பாடுதான்” என்று மட்டும் சொன்னார்.

கண் பழகுவதற்கு ஓராண்டு ஆயிற்று. விரைந்து நீந்தினால் ஒன்றும் தெரியாது என்பதே முதற் பாடம். ஒரு மேசையளவு இடத்தின்மேல் மிதந்து நிற்க வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் சற்று உயரும். விட்டால் சற்றுத் தாழும். கைகால் ஆட்டாமல் மூச்சாலேயே நிலைகொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் சென்றால், வெறுமை என்று எண்ணிய கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்படும். நீரைக் கடந்து வரும் ஒளியில் முதலில் அழிவது சிவப்பு. ஐந்தாறு மீட்டர் ஆழத்திலேயே அது கரும்பச்சையாய் மங்கிவிடும். விளக்கை அருகே பிடித்தால்தான் கல்லின்மேல் படர்ந்த பஞ்சுயிர் செக்கச் சிவந்தது என்று தெரிகிறது. கருநிறத்தில் வெண்ணீல வரிமேடுகளும் அவற்றின்மேல் மஞ்சள் கொப்புளங்களுமாய் ஊர்ந்து செல்லும் ஓடில்லா நத்தையை எங்கள் மகள் முதன்முதல் தானே கண்டுபிடித்த நாளில், நீருக்கடியில் அவள் கூவியது எங்களுக்குக் கேட்டது.

படம் எடுப்பது வேறு பாடம். காமிராவைத் தெளிவான நெகிழிப் பெட்டிக்குள் அடைத்து, மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்த வேண்டும். அந்த வளையத்தில் ஒரு மணற் பரல் இருந்தாலும் கடல் உள்ளே புகுந்துவிடும். எங்கள் முதற் காமிரா அப்படித்தான் மாண்டது. வளையத்தைத் துடைத்தவர் எழுத்தர். கோப்பில் பிழை நேர்ந்தால் திருத்தக் குறிப்பு வைக்கலாம். இதற்கு அவ்வழி இல்லை. இரண்டாவது காமிராவைப் பழையதாய் வாங்கினோம். அதன்பின் வளையம் மகளின் பொறுப்பாயிற்று. ஒளியைக் காமிராவை ஒட்டி நேரே பாய்ச்சினால் நீரில் மிதக்கும் தூசெல்லாம் பனி கொட்டுவது போல் படத்தில் விழும். பக்கவாட்டிலிருந்து பாய்ச்ச வேண்டும். விளக்குப் பிடிக்கும் வேலை எழுத்தருக்கு. எதையும் தொடக் கூடாது, கொண்டுவரவும் கூடாது. பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. செத்த பவளத் துண்டைப் பெட்டியில் வைத்தாலும் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வர்.

ஒரு ஞாயிறு மட்டும் எழுத்தர் இறங்கவில்லை. முதல் நாள் கப்பலிலேயே தும்மல் தொடங்கியிருந்தது. பணம் கட்டியாயிற்று; விடுப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று. கரையில் அவர் குரலைக் கேட்டதும் வழிகாட்டி தலையை ஆட்டி, சிலிண்டரை முதுகிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல் இருமடங்கு. இறங்கும்போது மீட்டருக்கு ஒருமுறையேனும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, செவிக்குள் காற்றைச் செலுத்திச் சமன் செய்ய வேண்டும். தடுமன் பிடித்திருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும், செவிப்பறை கிழியும். ஆகவே சளி உள்ளவன் இறங்கலாகாது என்பது இத்தொழிலின் விதி.

மகள் வழிகாட்டியோடு இறங்கினாள். நாங்கள் இருவரும் கரையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். 1986-ஆம் ஆண்டு, பருவம் முடியும் தறுவாயில், பெரியவர் ஒரு மாலை வீடு திரும்பியது எங்கள் இருவருக்கும் ஒரே வேளையில் நினைவுக்கு வந்தது. எழுத்தருக்கு அப்போது எட்டு வயது, மனைவியாருக்கு ஆறு. இடக்காதில் பஞ்சு, பஞ்சில் இரத்தம். நான்கு நாளாய்த் தடுமன் இருந்தும் இறங்கியிருக்கிறார். கடையில் கடன், அடுத்த வாரம் காற்று மாறினால் கடல் கலங்கிவிடும், பிறகு வருமானம் இல்லை. கயிறு பிடித்த மாமா வாசலில் நின்று அழுதார். ‘இறங்காதே என்று கையைப் பிடித்தேன், கேட்கவில்லையே’ என்று மறுபடி மறுபடி சொன்னார். அன்று போன இடக்காது போனதுதான். அதன்பின்னும் ஒன்பது ஆண்டுகள் பெரியவர் ஒற்றைக் காதோடு குளித்தார். மகனின் கல்லூரிக் கட்டணம் அந்த ஆண்டுகளில் சேர்ந்தது.

தேநீர் கொண்டுவந்த வங்காள அம்மாளின் கைகளில் வெண்சங்கு வளைகள் இருந்தன. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாய் வந்து அத்தீவில் குடியமர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர். அவர்களிடையே மணமான பெண்ணுக்கு அவ்வளை அடையாளம். தூத்துக்குடிச் சங்கு கல்கத்தாவுக்குப் போய் அங்கே வளையாக அறுபட்டதை நாங்கள் சிறு வயது முதலே அறிவோம். வளை அணிந்த கையை அவ்வளவு அருகில் கண்டது அன்றுதான். மனைவியார் அந்தக் கையைப் பிடித்து வளையை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு வங்காளம் தெரியாது. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. வளை பிடித்திருக்கிறது போலும் என்று எண்ணி, விலையை இந்தியில் சொன்னார் அவர்.

மகளின் நெஞ்சில் இடம்பிடித்தது ஒரு சோடி. மணல்வெளியில் சிறு வளை ஒன்று. அதன் வாயிலில் விரல்நீள உளுவை மீன் ஒன்று காவல் நிற்கும். வளையைத் தோண்டுவது ஓர் இறால். துப்பாக்கி இறாலின் இனத்ததே. கண்பார்வை மிகக் குறைவு. தள்ளுவண்டி போல் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்; வரும்போது தன் மீசை ஒன்றை உளுவையின் உடல்மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து நெருங்கினால் உளுவை வாலைச் சிலிர்க்கும். அக்கணமே இறால் உள்ளே; அடுத்த கணம் உளுவையும் உள்ளே. தோண்டுபவன் ஒருவன், பார்ப்பவன் ஒருவன். மச்சான் கயிறுதான் என்று எழுத்தர் எண்ணிக்கொண்டார்.

இவ்விரண்டையும் மீசை தொடும் நிலையில் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது மகளின் நோன்பு. எட்டு ஞாயிறுகள் தோற்றோம். நிழல் விழுந்தால் ஓடும். குமிழி ஓசை பெரிதானால் ஓடும். 2024 பிப்ரவரியில், ஒன்பதாம் முறை, ஒன்பது மீட்டர் ஆழத்தில் மகள் மணலில் கிடந்தாள். எழுத்தர் பக்கவாட்டில் விளக்கோடு மிதந்தார். உளுவை வெளியே நின்றது. இறால் மும்முறை தலைகாட்டிற்று. எழுத்தர் மகளின் காற்றுமானியைப் பார்த்தார்: அறுபது. இருநூறில் தொடங்கியது, ஐம்பது இருக்கையில் கரையேறியிருக்க வேண்டும் என்பது எங்கள் விதி, கரைக்கோ இன்னும் நெடுந்தூரம் உண்டு. தோளைத் தட்டினார். அவள் ஒரு விரலைக் காட்டினாள், ஒரு நிமிடம். கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்கவே இல்லை. மறுபடி தட்டினார். மறுபடி ஒரு விரல். நாற்பத்தைந்து.

அவர் அவள் முதுகுப் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். இழுபடும்போதே அவள் விரல் பொத்தானை அழுத்திற்று. மணல் கிளம்பி எல்லாம் மறைந்தது.

கரையேறும்போது மானி இருபதைக் காட்டியது. மகள் சிலிண்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருவரோடும் பேசாமல் போய் அமர்ந்தாள். “இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அப்பா. மீசை வைக்கப் போச்சு” என்றாள் வெகுநேரம் கழித்து. கண்ணீரா கடல்நீரா என்று தெரியவில்லை. எழுத்தருக்கோ கை நடுக்கம் நிற்கவில்லை. இழுத்தது சரிதானா, பதறிவிட்டோமா என்று அவருக்கே தெளிவில்லை. திரும்பும் கப்பலில் மூவரும் மூன்று இருக்கைகளில் வந்தோம்.

அன்றிரவு பெரியவர் தொலைபேசியில் வந்தார். அவருக்கு வலக்காதில் உரக்கச் சொல்ல வேண்டும். மகள் தன் வழக்கை முழுதும் உரக்க எடுத்துரைத்தாள். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை.

“ஏட்டி, கயிறு ஆடுனா வந்துரணும். ஏன்னு மேல வந்து கேட்டுக்கலாம்” என்றார்.

பின்னர், மகனைக் கூப்பிடச் சொன்னார். “எத்தனை தடவை தட்டுன?”

“இரண்டு தடவை அப்பா.”

“ஒரு தடவை போதும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகன் கடலில் இறங்குவது அவருக்குத் தெரிய வந்தது அன்றுதான். பதினெட்டு மாதமாய் மறைத்து வைத்திருந்தோம். காலை ஒடிப்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மீசைப் படம் அவ்வாண்டு ஏப்ரலில் கிடைத்தது. தெளிவான படம்தான்; கல்லூரியில் பாராட்டும் பெற்றாள். 2025-இல் தில்லிக்கு மாற்றல் வந்தது. வரும் வழியில் தூத்துக்குடிக்குப் போனோம். பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது. கண்புரை அறுவைக்குப் பின் பார்வை நன்றாயிருக்கிறது. மடிக்கணினியை அவர் எதிரே முக்காலியில் வைத்து, மகள் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அவர் மிகுந்த மரியாதையோடு பார்த்தார். அஞ்சாலை என்றார், பேத்தை என்றார், கிளாத்தி என்றார். களவாய்க் குஞ்சு ஒன்றைக் கண்டு, “இது வளந்தா குழம்புக்கு ஆகும்” என்றார். ஓடில்லா நத்தையைக் கண்டதுண்டா என்று மகள் கேட்டாள். “கண்டிருப்பேன். நின்னு பாத்தா அடுத்த மூச்சுக்கு மேல வர முடியாதே” என்றார். அவர் ஒரு நாளில் நாற்பது முறை மூழ்கிப் பெற்ற நேரம் முழுவதும், எங்களுக்கு ஒரு சிலிண்டரில் கிடைத்த நேரம் என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மீசைப் படம் வந்தது. நன்றாயிருக்கிறது என்றார். அதற்கு அடுத்ததாக, நீக்க மறந்த படம் ஒன்று வந்தது. மகள் அதற்கு ‘அப்பா கெடுத்த படம்’ என்று பெயரிட்டிருந்தாள். பிப்ரவரியில் இழுபடும்போது தானே பதிந்தது. சாய்ந்து கிடக்கும் வெறும் மணல். ஓரத்தில் காலி வளை. மகள் சட்டென்று நகர்த்தப் போனாள்.

“இரு” என்றார் பெரியவர். முக்காலியின் பக்கம் குனிந்தார்.

“இங்க ஒண்ணு போயிருக்கு பாரு.”

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் நகத்தைத் திரையில் வைத்து மெல்ல இழுத்தார். பக்கவாட்டு விளக்கொளியில், மணலின்மேல், வரப்பு போல இலேசாக ஓர் உயர்ச்சி. அதன் நடுவே ஆழமில்லாத ஒரு தடம். வலமிருந்து இடமாக வளைந்து சென்று ஓரிடத்தில் நின்றது.

“சங்கா தாத்தா?”

“சங்கோ ஊரியோ, உங்க ஊர்க் கடல்ல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா இந்தா, இந்த இடத்துல மணலுக்குள்ள கிடக்கு. மூக்கை மட்டும் வெளிய நீட்டியிருக்கும் பாரு.”

மகள் அவ்விடத்தைப் பெரிதாக்கினாள். தடம் முடியும் இடத்தில் மணலைத் துளைத்துக்கொண்டு அரிசிமணி அளவில் ஒரு குழல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஓராண்டுக்கு மேலாக அந்தப் படம் எங்களிடம் இருந்தது.

பெரியவர் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பாகம் ஆழம்?” என்று கேட்டார்.

“ஒன்பது மீட்டர் தாத்தா” என்று மகள் அவருடைய வலக்காதருகே குனிந்து சொன்னாள்.

அவர் விரல் மடக்கிக் கணக்கிட்டார்.

“அஞ்சு பாகம். எட்டுற ஆழந்தான்” என்றார். “சரி, அடுத்ததைக் காட்டு.”